காவல் எங்கே வேண்டும்?

(நமது மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



2024 ஆகஸ்ட் மாதத்தில் கல்கத்தாவில் ஒரு பயிற்சி மருத்துவருக்கு நேர்ந்த கொடுமையைப் பத்திரிகையில் படித்த நாள்முதல் உங்களில் அநேகர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறீர்கள். "ஐயா, நம்ம ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எப்படி?" கேட்டதோடு நீங்கள் நிற்கவில்லை. பின்பக்க மதிலை உயர்த்திக் கட்டித் தருகிறோம் என்று ஒரு சபையார் சொன்னார்கள். வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் ஒருவர் கேமராக்கள் வாங்கப் பணம் அனுப்புவதாக எழுதியிருக்கிறார். வாசலில் இரும்புக் கேட் வைத்து, குடும்பத்துப் பெரியவரின் பெயரைப் பொறிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்த அன்புக்காக நிர்வாகத்தின் சார்பில் உளமார நன்றி சொல்லுகிறேன்.

ஆனாலும் முதல் செங்கலை வைப்பதற்கு முன்னால் உங்களோடு ஒரு காரியத்தைப் பேச வேண்டியிருக்கிறது. காவல் வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. காவல் எங்கே வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும், யாரிடமிருந்து வேண்டும் என்பதே கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் செலவழித்தால், கையிலிருக்கும் கொஞ்சப் பணமும் ஆபத்து இல்லாத இடத்தில் போய்ச் சேரும்.

மதில் ஏறி வராத ஆபத்து

நடந்த சம்பவங்களையே எடுத்துப் பார்ப்போம். எல்லாரும் அறிந்தவைதாம். ஒவ்வொன்றிலும் ஆபத்து எந்த வழியாய் உள்ளே வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

1973 நவம்பர் 27 ஆம் தேதி, பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்கிற இளம் நர்ஸ் தாக்கப்பட்டார். வேலை முடிந்து உடை மாற்றுவதற்காகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனபோது அது நடந்தது. தாக்கியவன் அதே மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவன். நினைவு திரும்பாமல் 2015 மே 18 ஆம் தேதி மரிக்கும் வரைக்கும், ஏறக்குறைய 42 வருஷங்கள், அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்மாரே அவரைத் தங்கள் கையால் பராமரித்தார்கள்.

2012 ஜனவரி 2 ஆம் தேதி, நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர் தம்முடைய கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவன் ஒரு கர்ப்பிணியின் புருஷன். அந்தப் பெண் சிகிச்சையில் இறந்துபோயிருந்தாள்.

2023 மே 10 ஆம் தேதி அதிகாலை, கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் 23 வயதுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொட்டாரக்கரை நமக்குத் தூரதேசமல்ல. செங்கோட்டை தாண்டிக் கொல்லத்துக்குப் போகிற பாதையில் புனலூருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. குத்தியவனைக் காயத்துக்கு மருந்து வைக்கவென்று போலீசாரே கூட்டிவந்திருந்தார்கள். அவன் வெளியிலிருந்து ஆயுதம் கொண்டுவரவில்லை. கட்டுப்போடும் அறையிலிருந்த கத்தரிக்கோலையே எடுத்துக்கொண்டான்.

2024 ஆகஸ்ட் 9 ஆம் தேதி, கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை. நீண்ட நேரத் தொடர் பணியின் நடுவே அந்த மருத்துவர் கருத்தரங்க அறையில் படுத்திருந்தார். இரவுப் பணியில் இருப்பவர்கள் இளைப்பாறத் தக்க அறைகள் இல்லாத குறையைப் பிறகு உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. தண்டனை பெற்றவன் போலீசுக்கு உதவும் தன்னார்வலன் என்ற பேரில் அந்த வளாகத்துக்குள் தாராளமாய்ப் போய்வந்துகொண்டிருந்தவன்.

அதே வருஷம் நவம்பர் 13 ஆம் தேதி, சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பட்டப்பகலில் கத்தியால் குத்தப்பட்டார். கடவுள் கிருபையால் உயிர் பிழைத்தார். குத்தியவன் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன்.

ஐந்து சம்பவங்கள். ஒருவன் அங்கே வேலை பார்த்தவன். ஒருவன் உள்ளே புழங்கின தன்னார்வலன். ஒருவனைக் காவலர்களே அழைத்து வந்தார்கள். ஒருவன் மனைவியைப் பறிகொடுத்தவன், ஒருவன் தாயின் நோயால் மனம் வெதும்பினவன். பிரியமானவர்களே, இவர்களில் ஒருவனாவது மதில் ஏறிக் குதித்து வந்தானா? மதிலை இரண்டு அடி அல்ல, இருபது அடி உயர்த்தியிருந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றும் தடைபட்டிருக்காது. மதில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதில் முதலாவது அல்ல என்று சொல்லுகிறேன்.

நெகேமியாவின் இரவுப் பயணம்

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி நம் கையிலேயே இருக்கிறது. நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்ட வந்தபோது, வந்தவுடனே கல் சுமக்கச் சொல்லவில்லை. மூன்று நாள் தங்கினான். பிறகு ராத்திரியில் சில மனுஷரோடு மாத்திரம் எழுந்துபோய், வாசல் வாசலாகச் சுற்றிப் பார்த்தான். எங்கே இடிந்திருக்கிறது, எங்கே எரிந்திருக்கிறது, எந்த இடத்தில் மிருகம் நுழையவும் வழியில்லை என்பதைத் தன் கண்ணால் கண்ட பிற்பாடுதான் மக்களிடம் வாய் திறந்தான்.

பின்பு சத்துருக்கள் மிரட்டினபோதும் ஆட்களைச் சுற்றிலும் சமமாய்ப் பரப்பி நிறுத்தவில்லை. அலங்கம் தாழ்ந்திருந்த இடங்களிலும் திறந்து கிடந்த இடங்களிலும் நிறுத்தினான். வேலை விரிவாயிருக்கிறது, ஒருவருக்கொருவர் தூரமாயிருக்கிறோம் என்று கண்டு, எக்காளம் ஊதுகிறவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே எல்லாரும் ஓடிவர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தக் காலத்து நிபுணர்கள் இதையே பெரிய பெரிய அறிக்கைகளில் எழுதுகிறார்கள். ஆபத்தை முதலில் மதிப்பிடு. எங்கே அதிகமோ அங்கே முதலில் செலவிடு. ஆபத்து வந்தால் கூப்பிடவும் ஓடிவரவும் வழி செய். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புத் துறை 1996 இல் மருத்துவப் பணியாளர்களுக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பின்பு அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். அதன் சாரம் ஐந்து காரியங்கள். நிர்வாகம் மனப்பூர்வமாய்ப் பொறுப்பெடுத்து, வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுவது. பணியிடத்தைச் சுற்றி ஆராய்வது. கண்ட ஆபத்தைத் தடுப்பது. எல்லாருக்கும் பயிற்சி கொடுப்பது. நடந்ததை எழுதிவைத்துத் திரும்பப் பார்ப்பது.

நம் தேசத்து உச்ச நீதிமன்றமும் 2024 ஆகஸ்ட் 20 ஆம் தேதி தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தபோது இதே வழியைக் காட்டியது. ஆஸ்பத்திரியின் பிரிவுகளை அங்கங்கே வன்முறை எழக்கூடிய அளவின்படி வகைப்படுத்த வேண்டும் என்றது. அவசர சிகிச்சைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஆபத்து மிகுதி என்று எடுத்துச் சொன்னது. ஓய்வறை, கழிப்பறை, வெளிச்சம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை போய்வர வாகனம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் பேசியது. துக்கத்திலிருப்பவர்களோடு பேசப் பழகின சமூகப் பணியாளர்கள் வேண்டும் என்றும் சொன்னது. காவலுக்கு ஆள் வேண்டும் என்று சொன்ன அதே உத்தரவில், கண்ணீரைக் கேட்க ஆள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதை மறந்துவிடாதிருங்கள்.

நாங்கள் சுற்றிப் பார்த்தது

ஆகவே நாங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நர்சிங் மேற்பார்வையாளர், ஒரு டாக்டர், ஆபீஸ் கணக்கர், வாட்ச்மேன், துப்புரவுப் பணி செய்கிற ஓர் அம்மா, அவர்களோடு நானும். பகலில் ஒருதரம், ராத்திரி பத்து மணிக்கு ஒருதரம், விடியுமுன் மூன்று மணிக்கு ஒருதரம். ஒவ்வோர் இடத்திலும் நின்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம். "உங்களுக்கு எங்கே பயமாயிருக்கிறது?"

அந்தக் கேள்விக்கு நிர்வாகக் கமிட்டியில் கிடைக்காத பதில்கள் வராந்தாவில் கிடைத்தன. வார்டுக்கும் நர்ஸ் குவார்ட்டர்சுக்கும் நடுவிலுள்ள பாதை, வேப்பமரத்தடியில் இருட்டாயிருக்கிறது என்றார்கள். கட்டுப்போடும் அறைக்கு ஒரே கதவு. மேஜை உள்ளே கிடப்பதால், கோபத்தோடு ஒருவன் வாசலில் நின்றால் நர்ஸ் வெளியே வர வழியில்லை. ஓய்வறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியில்லை. சாவிகள் எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்குகின்றன. ராத்திரி மூன்று மணிக்குப் பிரசவ வார்டில் சத்தம் போட்டால், வாசலில் இருக்கிற வாட்ச்மேனுக்கு அது கேட்காது. துப்புரவு அம்மா சொன்னது யாருடைய பட்டியலிலும் இல்லாதது. "குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணுறவங்க முதல்ல எங்ககிட்டதான் வருவாங்க, ஐயா. டாக்டர்மாருகிட்ட அவ்வளவு சீக்கிரம் போகமாட்டாங்க."

நம் ஊரின் நாட்காட்டியையும் விரித்துப் பார்த்தோம். ஆடித்தபசு நாட்களில் ஊர் கொள்ளாத ஜனம் வரும். மயங்கி விழுகிறவர்களும் அடிபட்டவர்களும் நம் வாசலுக்கும் வருவார்கள். வயல்வேலைக் காலத்தில் பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்தவர்களும் வருவார்கள். ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஒரு தெருவே கூட வரும். அடிதடி நடந்த ராத்திரியில் இரண்டு தரப்பாரும் காயத்தோடு ஒரே நேரத்தில் வந்து இறங்குவதும் உண்டு. இரு பக்கத்தாரையும் ஒரே வராந்தாவில் உட்காரவைத்தால் சண்டை ஆஸ்பத்திரிக்குள்ளே தொடரும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டோம். பள்ளிக்கூடக் கணக்குதான். இது நடப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? ஒன்று முதல் மூன்று வரை ஓர் எண். நடந்தால் கேடு எவ்வளவு? அதற்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கினோம். பின்மதில் ஏறி வந்து பழைய இரும்பைத் திருடுவதற்கு வாய்ப்பு இரண்டு, கேடு ஒன்று, ஆக இரண்டு. ராத்திரி அவசரப் பிரிவில் ஒரு மரணம், வெளியே கூட்டம், உள்ளே ஒற்றை நர்ஸ்: வாய்ப்பு மூன்று, கேடு மூன்று, ஆக ஒன்பது. இரண்டு எங்கே, ஒன்பது எங்கே! நம் பணம் எங்கே முதலில் போகவேண்டும் என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிவிட்டது.

செய்யவேண்டியவை

அந்த வரிசைப்படி இப்போது நாங்கள் தீர்மானித்திருப்பதைச் சொல்லுகிறேன். சிலவற்றுக்குப் பணமே வேண்டாம். கட்டுப்போடும் அறையில் மேஜையைத் திருப்பிப் போட்டு, நர்ஸ் கதவுப் பக்கம் இருக்கும்படி செய்தாயிற்று. கத்தரிக்கோலும் கத்தியும் உள்ள தட்டு நோயாளியின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிற்று. சாவிகளுக்கு ஒரு ரெஜிஸ்டர். யார் எடுத்தார், எப்போது வைத்தார் என்று கையெழுத்து. போலீசார் ஒருவரைக் கொண்டுவந்தால், சிகிச்சை முடியும்வரை காவலர் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

சிலவற்றுக்குக் கொஞ்சம் பணம் வேண்டும். இருட்டுப் பாதைக்கு விளக்கு. மின்சாரம் போனாலும் எரியும்படி பேட்டரி. ஓய்வறைக்கு நல்ல கதவு, உள்தாழ்ப்பாள், பக்கத்திலேயே கழிப்பறை. ஒவ்வொரு வார்டு மேஜையின் அடியிலும் ஓர் அழைப்பு மணி. அழுத்தினால் வாசலிலும் டாக்டர் அறையிலும் ஒலிக்க வேண்டும். அதுவே நம்முடைய எக்காளம். மணி அடித்தால் யார் யார் எங்கே ஓடிவர வேண்டும் என்று மாதம் ஒருதரம் ஒத்திகை பார்க்க வேண்டும். ஓடிவர ஆளில்லாமல் மணி மட்டும் ஒலித்துப் பயனில்லை.

இன்னும் சிலவற்றுக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். இரவில் எந்த வார்டிலும் ஒற்றை நர்ஸ் இருக்கலாகாது. இரண்டாவது ஆள் வேண்டும். வாட்ச்மேன் ஒருவரே இரவெல்லாம் விழித்திருப்பது கூடாத காரியம், இருவர் வேண்டும். அவர்களுக்குக் கைத்தடியைவிட அதிகமாய்ப் பேச்சுப் பயிற்சி வேண்டும். குரலை உயர்த்தாமல், கையை நீட்டாமல், எட்டி நின்று, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்லுவது பிறவியிலேயே வருவதல்ல. பழக்கினால் வரும்.

அடுத்தது என்னுடைய ஊழியத்தைச் சேர்ந்த காரியம். கோபத்தில் பெரும்பங்கு, துக்கமும் காத்திருப்பும் சேர்ந்து பழுத்ததுதான். மூன்று மணி நேரமாய் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் நிற்கிற தகப்பனுக்கு அரைமணிக்கொருதரம் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்தால், அவர் பெஞ்சில் உட்காருவார். சொல்ல ஆள் இல்லாவிட்டால் கதவைத் தட்டுவார்; பிறகு உடைப்பார். மரணச் செய்தியை வராந்தாவில் நின்றபடி சொல்லலாகாது. அதற்கென்று ஒரு சிறு அறை, நாலு நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர். டாக்டரும் குருவானவரும் சேர்ந்துபோய் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்த வேளையில் பில்லைப் பற்றிப் பேச்செடுக்க ஒருவரும் போகலாகாது. இதையும் நான் பாதுகாப்புச் செலவு என்றே கணக்கெழுதச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளிருந்து வருகிற ஆபத்தையும் மூடி மறைக்காமல் பேசவேண்டும். கூடவேலை செய்கிறவர், மேலே இருக்கிறவர், உதவிக்கென்று வந்துபோகிற தன்னார்வலர், யாராயிருந்தாலும் சரி. பெண்களுக்கு வேலையிடத்தில் நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013 ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பத்துப்பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. மிஷன் ஸ்தாபனம் என்பதால் நமக்கு விலக்கு இல்லை. குழுவிலுள்ளவர்களின் பெயரும் போன் நம்பரும் நர்ஸ்மாருக்கு மனப்பாடமாய்த் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டும் ஆபத்தாகலாம்

ஓர் எச்சரிப்பும் சொல்லவேண்டும். பாதுகாப்பு என்று செய்கிற ஏற்பாடே கொல்லுகிற கருவியாவதுண்டு. 2001 ஆகஸ்ட் 6 ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் ஓடிப்போகாமலிருக்கச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். கட்டினவர்கள் அதைக் காவல் என்றே நினைத்திருப்பார்கள்.

2011 டிசம்பர் 9 ஆம் தேதி கல்கத்தாவில் ஆம்ரி என்கிற தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, கீழ்த்தளத்திலிருந்து ஏறின புகை, படுக்கையிலிருந்த நோயாளிகளை மூச்சுமுட்டச் செய்து கொன்றது. இறந்தவர்கள் ஏறக்குறைய 90 பேர். ஆகையால் எந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டாலும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். வெளியே நிற்க வேண்டியவன் உள்ளே வராதிருக்க இது உதவுமா? உள்ளே இருப்பவர்கள் ஒரு நிமிஷத்தில் வெளியே வர இது இடம் கொடுக்குமா? நன்கொடையாய் வருகிற இரும்புக் கேட்டையும் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிறுவனங்களையும் வன்முறையிலிருந்து காக்கத் தமிழ்நாட்டில் 2008 இல் தனிச் சட்டம் பிறந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பத்து வருஷம் வரை சிறை. ஜாமீனில் விடக்கூடாத குற்றம். மத்திய அரசின் சுகாதாரத் துறையும் 2024 ஆகஸ்டில், தாக்குதல் நடந்து ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே போலீசில் புகார் பதியச் செய்யவேண்டும் என்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு எழுதிற்று. அது நமக்கும் நல்ல வழக்கம். அடிபட்ட நர்ஸ் தனியாய்ப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறலாகாது. நிர்வாகம் முன்னே நடக்க வேண்டும். ஆனாலும் சட்டம் பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகே வந்துசேருகிறது. விளக்கும் மணியும் இரண்டாவது நர்சும் அதற்கு முன்னாலேயே அங்கே இருப்பார்கள்.

பொறுமை யாருடைய செலவில்?

நமக்குள்ளேயே எழும்பும் ஒரு தடையைப் பற்றியும் வெளிப்படையாய்ப் பேசுகிறேன். "கர்த்தர் காப்பார், இதற்கெல்லாம் இவ்வளவு ஏற்பாடா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 127 ஆம் சங்கீதத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தச் சங்கீதத்திலும் காவலாளி விழித்துத்தான் இருக்கிறான். அவனைப் படுக்கப்போ என்று அது சொல்லவில்லையே! புது வீடு கட்டுகிறவன் மேல்மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பதும் மோசேயின் பிரமாணத்திலுள்ள கட்டளைதான். கைப்பிடிச்சுவர் கட்டுவது அவிசுவாசம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொரு பேச்சு இதைவிட மெல்லியது. ஆகையால் இதைவிட ஆபத்தானது. "மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் பொறுத்துக்கொள்வாள், அது அவளுடைய ஊழியம்." யாரோ கையைப் பிடித்து இழுத்தான், யாரோ தகாத வார்த்தை சொன்னான், யாரோ தட்டைத் தூக்கி எறிந்தான், அவளும் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போகிறாள். புத்தகத்தில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். கிறிஸ்துவுக்காகப் பாடுபடுவது வேறு. ஒரு பல்பு வாங்காததினால் படுகிற பாடு வேறு. இரண்டாவதைச் சிலுவை என்று பெயரிட நமக்கு அதிகாரம் இல்லை. அப்படிச் செய்தால், அவளுடைய பயத்தில் நாம் பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

அதனால் சம்பவப் புத்தகம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். அடி மட்டுமல்ல, மிரட்டல், வசைச்சொல், அடிக்காமல் தப்பின சம்பவம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். எழுதினவரை "நீ என்ன செய்தாய்?" என்று யாரும் முதலில் கேட்கலாகாது. மூன்று மாதத்துக்கொருதரம் அந்தப் புத்தகத்தை விரித்து, மதிப்பெண்ணைத் திருத்தி, வேலையையும் பணத்தையும் அதன்படி மாற்றவேண்டும். ஆரம்பத்தில் பக்கங்கள் சீக்கிரம் நிறையும். அதைக் கண்டு நீங்கள் திடுக்கிட வேண்டாம். ஆபத்து கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமல்ல. இதுவரை சொல்லாதிருந்தவர்கள் சொல்லத் துணிந்திருக்கிறார்கள் என்றே அர்த்தம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பிரியமானவர்களே, மதிலுக்கும் கேட்டுக்கும் பெயர்ப்பலகை வைக்கலாம். திறப்புவிழா வைக்கலாம், படம் எடுக்கலாம். ராத்திரி இரண்டாவது நர்சின் சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. உள்தாழ்ப்பாளுக்குத் திறப்புவிழா இல்லை. பாதை விளக்கில் பல்பு மாற்றுவதை யாரும் படம் எடுத்துப் பத்திரிகையில் போடமாட்டார்கள். அப்படியிருந்தும் ஒன்பது மதிப்பெண் வாங்கின ஆபத்தைத் தடுக்கிறவை இவைதான்.

ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். மதிலுக்கென்று குறித்து வைத்த காணிக்கையை, "எங்கே மிகவும் தேவையோ அங்கே" என்று மாற்றி எழுதிக் கொடுங்கள். முடிந்தவர்கள் ஒரே தடவையாய்க் கொடுப்பதைப் பன்னிரண்டு பங்காக்கி மாதாமாதம் அனுப்புங்கள். சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டியதல்லவா? கேமரா வாங்கித் தர முன்வந்த சகோதரருக்கும் எழுதியிருக்கிறேன். கேமரா நல்லதுதான். அதோடு அதன் படத்தை ராத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவருடைய கூலியையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்க்க ஆளில்லாத கேமரா, நடந்த கேட்டைப் பிற்பாடு காட்டுமேயல்லாமல் நடக்காமல் தடுக்காது. கணக்கு ஒவ்வொரு மூன்று மாதமும் இந்த மடலில் அச்சாகும். எந்த ஆபத்துக்கு எவ்வளவு மதிப்பெண் இருந்தது, உங்கள் காணிக்கையால் இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுவோம். குறையாமலிருந்தால் அதையும் எழுதுவோம்.

சபைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரு நோயாளி வந்தால், கூட வருகிற கூட்டத்தில் இரண்டுபேரை மட்டும் உள்ளே அனுப்பி, மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். கோபமாயிருக்கிற வாலிபரின் தோளில் கைவைத்து, "வா தம்பி, கேட்டுவிட்டு வருவோம்" என்று சொல்லக்கூடிய ஒரு பெரியவர் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார். அவர் எங்கள் வாட்ச்மேனைவிடப் பெரிய காவல்.

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி இன்று இரவு எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவள் வார்டை விட்டு இறங்கிக் குவார்ட்டர்சுக்கு நடக்கும்போது அந்தப் பாதையில் விளக்கு எரிய வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள். இங்கே நடக்கிறவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். நம்முடைய பாதையின் விளக்கு நம்முடைய கையில் இருக்கிறது.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.